அம்மா கீறிய மணிக்கூடு

நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனில் இருந்து போனபோது, அம்மாவின் மறதியையும் ஒருக்கால் டொக்டரிடம் காட்டிவிட்டு வருவோம் என்றுதான் நினைத்திருந்தேன். வயது 78. போனில் ஒரே கதையை இரண்டு தரம் சொல்வார், வயது போனால் அப்படித்தானே என்று இருந்துவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகுதான் கிணற்றடியில் அடி கருகிய பால் சட்டிகள் மூன்று கிடப்பதைக் கண்டேன்.

முதலில் போனது ஒரு தனியார் இடம். இரண்டு மணி நேரம் இருந்து, உள்ளே ஐந்து நிமிடம். டொக்டர் 30 புள்ளிக் கேள்வித்தாளை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு, தனக்கு வந்த தமிழில் கடகடவென்று கேட்டார். அம்மாவுக்குக் காது மந்தம், அன்றைக்கு மெஷினும் போட்டிருக்கவில்லை, அதை அவரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. இன்று என்ன திகதி என்றதற்கு அம்மா "இண்டைக்கு மஞ்சம்" என்றார். அன்றைக்குத் திருவிழாவின் 10ஆம் நாள், மஞ்சத் திருவிழாதான், அவர் சொன்னது சரி. டொக்டர் பிழை போட்டார். கடைசியில் மறதி நோய் என்று சொல்லிக் குளிசை எழுதித் தந்தார். எனக்கு மனம் கேட்கவில்லை, குளிசை வாங்கவில்லை.

நாலு நாள் கழித்து, தங்கச்சி சொன்னபடி விடியவே பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் போய் நம்பர் எடுத்தோம். காசு ஒரு சதமும் இல்லை. அங்கே டொக்டர் முதலில் கேட்டதே "அம்மா, நான் கதைக்கிறது கேக்குதோ? எத்தினையாம் வகுப்பு வரைக்கும் படிச்சனீங்கள்?" என்றுதான். படிப்புக் குறைந்தவர்களுக்கு இந்தச் சோதனைகளில் புள்ளி குறைவாக வரும், மறதி நோய் இல்லாவிட்டாலும்.

வாழைப்பழம், சூரிய உதயம், கதிரை என்று மூன்று சொல்லைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு ஒரு வெள்ளைத் தாளில் மணிக்கூடு கீறி, 11 மணி 10 நிமிடம் காட்டச் சொன்னார். அம்மா வட்டத்தை வடிவாகக் கீறி, இலக்கமெல்லாம் ஒழுங்காகப் போட்டு, ஒரு முள்ளை 11இலும் மற்றதை 10இலும் வைத்தார். பத்து என்று காதில் விழுந்ததும் முள்ளு 10க்குப் போய்விடுகிறது, 2இல் வைக்க வேண்டும் என்று யோசிப்பதுதான் அங்கே சோதனை. அப்புறம் அந்த மூன்று சொல்லையும் கேட்டார். கதிரை வரவேயில்லை, அம்மா என் முகத்தைப் பார்த்தார்.

மினி-கொக் என்ற இந்தச் சோதனை மொத்தம் 5 புள்ளி, சொல்லுக்கு ஒவ்வொன்று, மணிக்கூடு சரியென்றால் இரண்டு, பிழையென்றால் ஒன்றுமில்லை. அம்மாவுக்கு 2. மூன்றுக்குக் குறைந்தால் மேலே பார்க்க வேண்டும், இதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது என்று டொக்டர் இரண்டு தரம் சொன்னார். அம்மா சுத்த சைவம், நீரிழிவுக்கு மெற்ஃபோர்மின் போட்டு வருசம் பன்னிரண்டு, இரண்டுமே பி12 சத்தைக் குறைக்கக் கூடியவை, அந்தச் சத்துக் குறைந்தாலும் மறதி வரும். பி12க்கும் தைரொயிட்டுக்கும் இரத்தம் எடுத்தார்கள். பி12 நன்றாகக் குறைந்திருந்தது, ஊசி தொடங்கியிருக்கிறார்கள்.

மூன்று மாதத்தில் திரும்பவும் சோதிப்பார்களாம். மணிக்கூட்டுப் படம் கிளினிக் கொப்பிக்குள் இருக்கிறது. காது மெஷினுக்குப் புது பற்றரி வாங்கி லாச்சியில் வைத்துவிட்டு, எந்த லாச்சி என்று தங்கச்சிக்குக் காட்டிவிட்டுத்தான் வந்தேன்.