கேலக்-ஸீ, எவர்ஸ்பேஸ், நோவா டிரிஃப்ட்: விண்வெளி ரோக்லைக்கில் எது உங்களுக்கு?

விண்கலத்தை ஓட்டிக்கொண்டே சுட வேண்டும், செத்தால் திரும்ப முதலிலிருந்து வர வேண்டும், பார்க்க எண்பதுகளின் ஜப்பானிய அனிமே மாதிரி இருக்க வேண்டும். செத்தால் முதலிலிருந்து தொடங்க வைக்கும் இந்த வகைக்குத்தான் ரோக்லைக் என்று பெயர். இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்பவர்களுக்கு நேரடியான பதில் கேலக்-ஸீ என்ற வீடியோ கேம்தான். 17-பிட் ஸ்டுடியோ இதை 2015 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 4-க்குக் கொண்டுவந்தது, அதே ஆண்டு அக்டோபரில் கணினிக்கு வந்தது, 2019-இல் நின்டெண்டோ ஸ்விட்ச்சுக்கும் வந்துவிட்டது. ஆனால் இதை வாங்க நினைக்கும் எவர் கண்ணிலும் கூடவே இரண்டு பெயர்கள் படும். ஒன்று, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து ராக்ஃபிஷ் கேம்ஸ் 2017-இல் வெளியிட்ட எவர்ஸ்பேஸ். இன்னொன்று, 2019-இல் ஏர்லி ஆக்சஸில், அதாவது முடிவதற்கு முன்பே விற்பனைக்கு விடும் முறையில், தொடங்கி 2024 ஆகஸ்டில் முழுமையாக வெளிவந்த நோவா டிரிஃப்ட். மூன்றுமே சுயாதீன ஸ்டுடியோக்களின் இண்டி கேம்கள், மூன்றுமே விண்வெளி, மூன்றிலும் ரன் (தொடங்கியதிலிருந்து சாகும் வரையான ஒரு ஆட்டம்) போனால் போனதுதான். விவரத்தைப் படிக்கும்போது ஒரே ஜாதியாகத் தெரியும், கையில் எடுத்தால்தான் எவ்வளவு வேறு வேறு என்று புரியும்.

நான் இவற்றை இரண்டு கேள்வியில் பிரித்துப் பார்க்கிறேன். கலம் எப்படி நகர்கிறது? சாவு எதையெல்லாம் பறித்துக்கொண்டு போகிறது? எத்தனை ஆயுதம், எத்தனை எதிரி, கிராஃபிக்ஸ் எப்படி என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதல் கேள்வியில் கேலக்-ஸீ மற்ற இரண்டையும் தாண்டி நிற்கிறது, இதில் எனக்குத் தயக்கமே இல்லை. இது மேலிருந்து பார்க்கும் 2டி கேம். கலத்துக்கு உந்தம் உண்டு: முன்னால் தள்ளும் த்ரஸ்டர் தனி, பின்னால் தள்ளுவது தனி, பூஸ்ட் தனி, விட்டுவிட்டால் போன திசையிலேயே மிதந்துகொண்டு போகும். ஒரு பக்கம் மிதந்தபடியே மூக்கை வேறு பக்கம் திருப்பித் துரத்துகிறவனைச் சுடலாம். இதோடு ஒரு தாவலும் இருக்கிறது. கலம் திரையை நோக்கி எழும்பி உருண்டு, வருகிற குண்டுகளுக்கு மேலே போய்விடும். முதல் ஒரு மணி நேரம் சுவரில் மோதிக்கொண்டேதான் இருப்பீர்கள், பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஏனென்றால் கை பழகியதும், பின்னோக்கி மிதந்துகொண்டே இரண்டு பேரை வீழ்த்தி, மூன்றாவதாக வந்த ஏவுகணையைத் தாவிக் கடக்கும் அந்தச் சில நொடிகள் அனிமே சண்டைக் காட்சி மாதிரியே இருக்கும், அதுவும் நீங்களே செய்தது.

அனிமே என்று சொல்வது வெறும் பெரிய கண்களுக்காக இல்லை. 1982-இல் வந்த மேக்ராஸ் தொடரில் அனிமேட்டர் இச்சிரோ இடானோ வரைந்த ஏவுகணைக் காட்சிகளுக்கு ரசிகர்கள் இடானோ சர்க்கஸ் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்: ஒரே நேரத்தில் கிளம்பும் ஒரு கூட்டம் ஏவுகணை, ஒவ்வொன்றும் தனித்தனியாக வளைந்து நெளிந்து, வெள்ளைப் புகைக்கோடு விட்டுக்கொண்டு பறக்கும். கேலக்-ஸீயில் மிசைல் பொத்தானை அழுத்தினால் அதுதான் நடக்கிறது. போதாததற்கு இரண்டாவது சீசனிலிருந்து கலம் மெக்காவாக, அதாவது விமானி உள்ளே இருந்து இயக்கும் ராட்சத ரோபோவாக, உருமாறும். வாள் வரும், கேடயம் வரும், எட்டிப் பிடித்து இழுக்கிற கை வரும். இடிபாட்டுத் துண்டை எடுத்து எதிரி மேல் எறியலாம், எதிரியையே பிடித்தும் எறியலாம். இடைநிறுத்தினால் பழைய வீடியோ கேசட் நிறுத்தியது போலத் திரை கோடு கோடாக நடுங்கும். இதைச் செய்தவர்கள் அந்தக் காலத்துக் கார்ட்டூனை எவ்வளவு நேசித்திருக்கிறார்கள் என்பது ஒவ்வொரு மூலையிலும் தெரிகிறது.

ஆனால் நான் இந்த கேமை விடாமல் பரிந்துரைப்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் எதிரிகள்தான். இங்கே அவர்களுக்குக் காது உண்டு. த்ரஸ்டரை அழுத்தினால் சத்தம் ஒரு வளையமாக விரிவதைத் திரையிலேயே பார்க்கலாம், பூஸ்ட் போட்டால் வளையம் இன்னும் பெரிதாகும், அதற்குள் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். அதனால் ஒரு குகைக்குள் நுழையும்போது எஞ்சினை அணைத்துவிட்டு, சேர்த்து வைத்த வேகத்திலேயே சத்தமில்லாமல் மிதந்து போகலாம். அப்புறம் மூன்று கோஷ்டி இருக்கிறது: பேரரசுப் படை, கொள்ளைக்காரர்கள், விண்வெளிப் பூச்சிகள். இவர்களுக்குள் ஒருவரை ஒருவர் ஆகாது. பேரரசுப் படையைத் துரத்த வைத்துப் பூச்சிக்கூட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டு ஓரமாக ஒதுங்கிக்கொண்டால் பாதி வேலை தானாக முடிந்துவிடும். பதுங்குவது என்பது விண்வெளி ஷூட்டர்களில் அபூர்வம், இங்கே அது பிழைப்பதற்கான முக்கிய வழி. உள்ளே போய்க் காரியத்தை முடித்ததோடும் ஆட்டம் முடியாது, வார்ப் செய்து (ஒரே தாவலில் வெகுதூரம் பாய்ந்து) தப்பும் இடம் வரை உயிரோடு திரும்ப வேண்டும். ஷீல்டு கொஞ்ச நேரத்தில் தானே நிரம்பும், கலத்தின் உடம்பு நிரம்பாது. திரும்பி வரும் வழியில் ஒரே ஒரு அடி தாங்கும் நிலையில், சத்தம் போடாமல் நகர்ந்து வருகிற பதற்றத்தை மற்ற இரண்டு கேமும் தரவில்லை.

இப்போது இரண்டாவது கேள்வி. கேலக்-ஸீயின் கதை சீசன், எபிசோட் என்று தொலைக்காட்சித் தொடர் போலப் பிரிந்திருக்கிறது, ஒரு சீசனுக்கு ஐந்து எபிசோட். ரோக் முறையில் நான்காவது எபிசோடில் செத்தால் அந்த சீசனின் முதல் எபிசோடுக்குத் திரும்ப வேண்டும், வாங்கிய அப்கிரேடுகளும் போய்விடும். ஆனால் முடித்த சீசன் முடித்ததுதான், அதைத் திரும்ப ஆட வேண்டாம். கண்டெடுத்த சாமான்களின் செய்முறை வரைபடங்களும் (ப்ளூபிரிண்ட்) கையை விட்டுப் போகாது, அடுத்த முறை கடையில் புதுச் சாமான் கிடைக்கும். வெளிவந்த காலத்தில் இந்த ஏற்பாட்டின் மேல் நிறையக் கோபம் இருந்தது, அப்புறம் ஒவ்வொரு எபிசோடுக்கும் நிலை சேமிக்கிற ஆர்கேட் முறையைச் சேர்த்தார்கள். கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஐந்து எபிசோட் என்பது சின்ன தூரமில்லை, எபிசோடில் தரும் வேலைகளின் வகையும் குறைவு, தோற்றுத் திரும்பும்போது ஏற்கெனவே கேட்ட வசனமே மறுபடி கேட்கிறது. இருந்தாலும் ஆர்கேட்டில் மட்டும் ஆடி முடிப்பவர்களிடம் ஒன்று சொல்வேன்: இழக்க எதுவும் இல்லாதபோது யாரும் எஞ்சினை அணைக்க மாட்டார்கள், நேராக உள்ளே பாய்ந்து சுட்டுவிட்டு, தோற்றால் அந்த எபிசோடையே மறுபடி ஆடுவார்கள். காது கேட்கிற எதிரியை வைத்ததற்கே அர்த்தம் போய்விடும். முதல் சீசனையாவது ரோக் முறையில் ஆடுங்கள். கலத்தைப் பழகவே அதுதான் சரியான இடம்.

எவர்ஸ்பேஸ் சாவை வேறு மாதிரி கையாள்கிறது, இந்த ஒரு விஷயத்தில் அது கேலக்-ஸீயை விடத் தெளிவானது. நீங்கள் ஒரு க்ளோன் விமானி, அதாவது ஒருவரின் நகலாக உருவாக்கப்பட்டவர். செத்தால் அடுத்த க்ளோன் விழிக்கும், ஏன் இத்தனை பேர் என்பதற்குக் கதைக்குள்ளேயே பதில் இருக்கிறது. ஒவ்வொரு ரன்னிலும் சேர்த்த கிரெடிட்டைக் கொண்டு நிரந்தர மேம்பாடு வாங்கலாம், அதை அடுத்த ரன் தொடங்கும் முன் செலவழித்தாக வேண்டும். ஆக எந்தத் தோல்வியும் முழுத் தோல்வி இல்லை. இதற்கும் ஒரு விலை உண்டு: ஆரம்ப ரன்களில் நீங்கள் எவ்வளவு நன்றாக ஓட்டினாலும் கலம் பலவீனமாகத்தான் இருக்கும், வென்றது என் கைத்திறமையாலா வாங்கிய மேம்பாட்டாலா என்ற சந்தேகம் கடைசி வரை ஒட்டிக்கொண்டே இருக்கும். எனக்கு அது உறுத்தல். சிலருக்கு அதுவே தொடர்ந்து ஆடக் காரணம்.

இது முழு 3டி. அன்ரியல் எஞ்சின் 4 என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் செய்தது, பார்க்க மூன்றிலும் மிக அழகு, காக்பிட்டுக்குள் உட்கார்ந்தும் ஓட்டலாம். ஏழு செக்டர் தாண்ட வேண்டும், ஒரு இடத்திலிருந்து அடுத்ததற்குத் தாவ எரிபொருள் வேண்டும், அதைத் தேட இடிபாடுகளையும் பாறைகளையும் துழாவ வேண்டும். அதிக நேரம் துழாவினால் ஓக்கார் என்ற வேற்றுக்கிரகப் படை வந்து இறங்கிவிடும். இன்னும் ஒரு பெட்டியைத் திறந்துவிட்டுப் போகலாமா, இப்போதே கிளம்பலாமா என்ற கணக்குதான் எவர்ஸ்பேஸின் உயிர். 2012-இல் எஃப்டிஎல் என்ற விண்வெளி கேம் இதே போன்ற துரத்தலை வரைபடத்தில் வைத்துக் காட்டியது, இங்கே அதை ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு அனுபவிக்கிறோம். ஆனால் ஓட்டுவது வழவழவென்று இருக்கிறது, உந்தத்தோடு மல்லுக்கட்ட வேண்டிய அவசியம் பெரிதாக இல்லை. வேண்டுமென்றால் கலம் தானாக மிதந்து போவதைத் தடுக்கிற இனெர்ஷியா டேம்பனரை அணைத்துப் பார்க்கலாம், கொஞ்சம் உயிர் வரும். அனிமே வாசம் இங்கே துளியும் கிடையாது, அதைத் தேடி வந்தவர்கள் ஏமாறுவார்கள்.

நோவா டிரிஃப்டுக்குக் கதையும் கிடையாது, முகமும் கிடையாது. 1979-இன் ஆர்கேட் கேமான ஆஸ்டராய்ட்ஸை எடுத்து, திரையின் இந்த ஓரத்தில் போனால் அந்த ஓரத்தில் வருவதையும் மிதக்கும் கலத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு, மேலே ஒரு பெரிய ஆர்பிஜி மரத்தை (லெவல் ஏற ஏறத் திறன்களைத் தேர்ந்து வளர்க்கும் அமைப்பை) நட்டிருக்கிறார்கள். ஆயுதம் ஒன்று, ஷீல்டு ஒன்று, கலத்தின் உடல் ஒன்று, அப்புறம் லெவல் ஏற ஏற இருநூறுக்கும் மேற்பட்ட மாற்றங்களிலிருந்து தேர்ந்தெடுத்துக்கொண்டே போகலாம். ட்ரோன்களை மட்டும் வளர்த்துவிட்டு நீங்கள் சுடாமலே இருக்கலாம். துப்பாக்கியை மறந்துவிட்டு முட்டி மோதியே கொல்லும் கலத்தைக் கட்டலாம். சாவு இங்கே மிக மலிவு: ரன் குறுகியது, போனால் போகட்டும், அடுத்த யோசனையைச் சோதிக்கலாம். புதிய சாமான்கள் திறப்பதைத் தவிர உங்களைத் தூக்கிவிட நிரந்தர பலம் என்று பெரிதாக எதுவும் இல்லை, எனவே முன்னேறுவது உங்கள் அறிவு மட்டும்தான். அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் சண்டையின் நடுவில் முடிவெடுப்பதைவிட லெவல் ஏறும்போது எடுக்கும் முடிவுதான் இங்கே கனமானது, சரியான கூட்டணி அமைந்துவிட்டால் கடைசிப் பத்து நிமிடம் திரையே தெரியாத அளவுக்கு வெடிப்பு, நீங்கள் கிட்டத்தட்ட பார்வையாளர். கேலக்-ஸீயில் ஒரே ஒரு கொள்ளைக்காரன்கூடக் கடைசி வரை ஆபத்துதான்.

பக்கவாட்டில் நகரும் பழைய பாணி வேண்டும் என்றால் 2015-இல் வந்த ஸ்டெரெடென் இருக்கிறது. பிக்சல் ஓவியம், ஒவ்வொரு முறையும் மாறும் எதிரி அலைகள், பிரம்மாண்டமான பாஸ்கள் (பெரிய தலைமை எதிரிகள்). நல்ல கேம், ஆனால் பாதையில் ஒதுங்க இடம் கிடையாது, எதிரி வருவான், நீங்கள் சுடுவீர்கள். தனியாக அலச இதற்கு மேல் எதுவும் இல்லை.

யாருக்கு எது என்றால், தினம் அரை மணி நேரம்தான் கிடைக்கும் என்பவர்கள் நோவா டிரிஃப்டை எடுங்கள், மற்ற இரண்டும் அந்த அரை மணியை மதிக்காது. அழகான விண்வெளியில் பொருள் திரட்டி, மெல்ல மெல்ல பலமாகிற சுகம் வேண்டும் என்றால் எவர்ஸ்பேஸ். கையால் ஓட்டுவதில் சந்தோஷம் காண்பவர்கள், தோற்றால் கோபித்துக்கொண்டாலும் திரும்ப வருபவர்கள், மெக்காவைப் பார்த்தால் மனம் துள்ளுபவர்கள், கேலக்-ஸீயை விட்டு வேறு எதையும் முதலில் தொடாதீர்கள். கன்ட்ரோலர் கட்டாயம், இரண்டு த்ரஸ்டரையும் ஒரே நேரத்தில் கையாளக் கீபோர்டு ஒத்துவராது. மொபைலில் வந்த கேலக்-ஸீயை வைத்து இதை எடைபோட வேண்டாம், அது இலவச கேம்களுக்கான கணக்கில் கட்டிய தனிச் சரக்கு.

எவர்ஸ்பேஸ் பிடித்துப்போனவர்களுக்கும் ஒரு தகவல்: 2023 ஏப்ரலில் முழுமையாக வெளிவந்த எவர்ஸ்பேஸ் 2-இல் ரோக்லைக் அமைப்பையே எடுத்துவிட்டார்கள். அது திறந்த உலக ஆர்பிஜி, செத்தால் சேமித்த இடத்திலிருந்து தொடரலாம், எனவே முதல் பாகத்தின் பதற்றத்தைத் தேடி அதற்குப் போகாதீர்கள்.