பணம் வாங்கிக்கொண்டு 'ரத்தினக்கல் தேட' அழைத்துப் போகிறார்கள், ஏமாறாதீர்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட், ஈப்போ வட்டாரப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் சில மாதங்களாக ஓர் அறிவிப்பு சுற்றி வருகிறது. பழைய ஈய லம்பத்தில் (வெள்ளீயச் சுரங்கத்தில்) ரத்தினக்கல் தேடலாம், பிள்ளைகளையும் கூட்டி வரலாம், கிடைப்பது உங்களுக்கே சொந்தம், ஆளுக்கு 180 வெள்ளி (ரிங்கிட்). நானும் என் மகளும் போனோம். அதில் 360 வெள்ளி, அதன் தொடர்ச்சியாக இன்னொரு 950 வெள்ளி, ஆக 1,310 வெள்ளி போய்விட்டது. இன்னொரு குடும்பம் போகக்கூடாது என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

மகள் ஆறாம் ஆண்டு படிக்கிறாள். இரண்டு வருடமாகக் கல் சேர்க்கிறாள். சன்னல் ஓரம் முழுக்கப் படிகக்கல்லும் சுண்ணாம்புக்கல் துண்டும்தான். அந்த அறிவிப்பைக் காட்டி "போகலாமாப்பா?" என்று கேட்டபோது எனக்கு மறுக்க மனம் வரவில்லை.

காலை எட்டு மணிக்கு எட்டுப் பேர் கூடினோம். செம்பனைத் தோட்டத்தின் வழியாக நடந்து ஒரு பழைய ஈயக்குட்டைக்கு, அதாவது ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய இடத்துக்குப் போனோம். கரையோரம் மணலைக் குவித்து வைத்திருந்தார்கள். சல்லடையும் டூலாங் என்ற மணல் அலசும் தட்டும் கொடுத்து அலசச் சொன்னார்கள். ஒரு மணி நேரத்துக்குள் எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு நிறக்கல் கிடைத்துவிட்டது. ஒருவருக்குச் சிவப்பு, ஒருவருக்குப் பச்சை, எங்களுக்கு மஞ்சள். ஒருவர்கூட வெறுங்கையோடு திரும்பவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வேறெதையும் பார்க்கவில்லை.

இன்னொன்றும் கண்ணெதிரே இருந்தது. ஆற்றிலும் மணலிலும் உருண்ட கல் ஈரமாக இருக்கும்போது பளபளக்கும், காய்ந்தால் மங்கிவிடும். அதன் மேல்தோல் உரசி உரசிச் சொரசொரப்பாகியிருக்கும். எங்கள் கைக்கு வந்த கற்கள் வெயிலில் காய்ந்த பிறகும் கண்ணாடி மாதிரி மின்னின. இயந்திரத்தில் உருட்டி மெருகேற்றியவை என்பதற்கு அதுவே அடையாளம். வெளியிலிருந்து கொண்டுவந்து மணலில் கலந்திருக்கிறார்கள்.

மகள் அங்கேயே ஒரு கறுப்புக் கல்லையும் பொறுக்கினாள். நடத்தியவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "குப்பை, தூக்கிப் போடு பாப்பா" என்றார். அவள் போடவில்லை, பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மஞ்சள் கல்லைக் கையில் உருட்டிப் பார்த்தவர், "அண்ணே, இது கனக புஷ்பராகம். குருவுக்கு உரிய கல். பாப்பாவுக்கு என்ன ராசி?" என்று கேட்டார். இந்தச் சொல்லில்தான் நிறையப் பேர் சிக்குகிறார்கள். நம் ஆட்கள் நீலக்கல்லின் (சஃபயர்) மஞ்சள் வகையையும் புஷ்பராகம் என்பார்கள், டோபாஸையும் புஷ்பராகம் என்பார்கள். மஞ்சள் படிகக்கல்லான சிட்ரினை அதே பெயரில் விற்பவர்களும் உண்டு. மூன்றும் வெவ்வேறு கனிமங்கள், விலையும் வெவ்வேறு. கல் வாங்கும்போது புஷ்பராகமா என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள், கனிமத்தின் பெயரைக் கேளுங்கள்.

பட்டை தீட்டி, சான்றிதழும் எடுத்துத் தர 950 வெள்ளி கேட்டார். அன்று இரவே அவர் சொன்ன வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன். கொடுக்கும் முன் மகள் கல்லை எடைபோட்டுத் தன் நோட்டில் எழுதி வைத்திருந்தாள்: 12.4 கிராம். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்த தீட்டிய கல் 9.6 கிராம். பட்டை தீட்டினால் பெரும்பாலும் பாதி எடைக்கு மேல் போய்விடும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். 9.6 கிராம் என்றால் 48 காரட். அந்த அளவில் அசல் கனக புஷ்பராகத்தை 950 வெள்ளிக்கு யார் தீட்டிக் கையில் கொடுப்பார்கள்?

சான்றிதழ் என்று வந்தது பிளாஸ்டிக் உறையிட்ட ஓர் அட்டை. 'இயற்கைக் கல்' என்பதைத் தவிர அதில் எடை இல்லை, அளவு இல்லை, ஒளிவிலகல் எண் இல்லை, கல் சூடுபடுத்தப்பட்டதா என்ற குறிப்பு இல்லை. சரிபார்க்க ஓர் எண்ணோ ஆய்வகத்தின் முகவரியோகூட இல்லை.

வீட்டிலேயே சோதித்தோம். கேக் செய்ய வாங்கிய சின்னத் தராசில் ஒரு கிண்ணம் தண்ணீரை வைத்து, எண்ணைப் பூஜ்ஜியமாக்கி, கல்லை நூலில் கட்டி அடியில் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். தராசு காட்டும் எண்ணால் கல்லின் எடையை வகுத்தால் அடர்த்தி வரும். எங்களுக்கு 3.9 காட்டியது. 9.6-ஐ அதனால் வகுத்தால் 2.5-க்குக் கொஞ்சம் கீழே. கனக புஷ்பராகம், அதாவது மஞ்சள் சஃபயர் என்றால் 4 வர வேண்டும், டோபாஸ் 3.5, சிட்ரின் 2.65. சாதாரணக் கண்ணாடிதான் 2.5 பக்கம் நிற்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் உள்ளே வட்ட வட்டமாகக் குமிழிகள். மகளின் பழைய படிகக்கல் முனையால் கீறினோம், கோடு விழுந்தது. கண்ணாடியேதான். அவள் அழவில்லை. நோட்டில் 'கண்ணாடி' என்று எழுதி மூடி வைத்தாள். அதைப் பார்த்து நான்தான் தூங்காமல் கிடந்தேன்.

எங்கள் அப்பா இளவயதில் பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம் லம்பத்தில் வேலை செய்தவர். 1985-இல் ஈய விலை சரிந்தபோது வேலை போனவர்களில் அவரும் ஒருவர். பேத்தி கறுப்புக் கல்லை அவர் உள்ளங்கையில் வைத்தாள். "இது ஈயம்டா. கை தாழுது பாரு" என்றார். அதே தராசில் போட்டால் 21.3 கிராம், தண்ணீரில் 3.1. அடர்த்தி 7-க்குப் பக்கத்தில் வந்தது. அது கேசிட்டரைட், ஈயத் தாது. ஈப்போவைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்குக்குப் பேரும் பிழைப்பும் கொடுத்த கல். ஈப்போவில் கனிம, புவியறிவியல் துறையின் புவியியல் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே போய் வைத்திருந்த மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். கல்லில் ஆர்வமுள்ள பிள்ளை இருந்தால் முதலில் அங்கே கூட்டிப் போங்கள். நம் மண்ணில் என்ன கிடைக்கும் என்று தெரிந்துவிட்டால், மாணிக்கமும் மரகதமும் ஒரே குழியில் கிடைக்கிறது என்று எவரும் நம்மிடம் சொல்ல முடியாது.

அந்த இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாங்கள் அலசிக்கொண்டிருக்கும்போதே தோட்டத்து ஜாகா (காவலாளி) வந்து யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டார். நடத்தியவரிடம் பதில் இல்லை. தேசிய நிலச் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் கல், மணல் எடுப்பது குற்றம். எங்கள் கறுப்புக் கல்லும் அப்படி வந்ததுதான், அது எனக்கு உறுத்துகிறது. இனி தோட்ட நிர்வாகத்திடமும் நில அலுவலகத்திலும் கேட்காமல் எங்கேயும் இறங்க மாட்டோம். ஈயக்குட்டைகளின் கரை வெறும் மணல், கால் வைத்த இடம் சரியும், தண்ணீர் திடீரென்று ஆழமாகும். பிள்ளைகளை அதன் ஓரத்தில் நிற்க வைத்திருந்தார்கள். அப்புறம், ஈயம் பிரித்தபின் மிஞ்சும் அமாங் மணலை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அதில் மோனசைட் என்ற கனிமம் இருக்கும், மோனசைட்டில் தோரியம் இருக்கும், அது கதிரியக்கப் பொருள்.

நடத்தியவரைப் போனில் கூப்பிட்டேன். "கல் உங்க கைக்கு வந்த பிறகு நீங்களே மாத்தியிருக்கலாம்ல அண்ணே" என்றார். அதன் பிறகு போனை எடுக்கவே இல்லை. காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டேன். பயனீட்டாளர் தீர்ப்பாயத்திலும் மனு செய்யப் போகிறேன். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். எதிர்த்தரப்பின் முகவரி வேண்டும் என்பதால் அதைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன். பணம் அனுப்பும் முன் காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் அந்த வங்கிக் கணக்கு எண்ணைத் தட்டிப் பாருங்கள், புகார் பதிவாகியிருந்தால் காட்டும்.

அன்று எங்களோடு வந்த மற்ற ஆறு பேரில் யாராவது இதைப் படித்தால், கல்லை விற்றோ தூக்கிப்போட்டோ விடாதீர்கள். அடர்த்தி பார்த்து எழுதி வையுங்கள். பணம் அனுப்பிய ரசீதும் புலனத்தில் பேசியதும் அழியாமல் இருக்கட்டும். எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே போய்ப் புகார் கொடுப்போம்.