கார் ரீகால் சேவை: எங்கே தேறுகிறது, எங்கே இடிக்கிறது

கோளாறான பாகத்தை இலவசமாக மாற்றித்தர, விற்ற வண்டிகளைக் கம்பெனி திரும்ப அழைப்பதுதான் ரீகால். அந்தச் செய்தி வந்த அரை மணி நேரத்தில் "அந்த வண்டி டப்பா" என்று வாட்ஸ்அப் குரூப்பில் தீர்ப்பு வந்துவிடும். எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் தரத்தை எடைபோடுவதில் அர்த்தமில்லை. ரீகாலே அறிவிக்காத கம்பெனி யோக்கியமான கம்பெனி என்றும் ஆகிவிடாது. ரெகுலர் சர்வீஸுக்கு வரும்போது சத்தமில்லாமல் பாகத்தை மாற்றி அனுப்பும் பழக்கம் இந்தத் தொழிலுக்குப் புதிதல்ல. பார்க்க வேண்டியது தேதிகளை. கோளாறான வண்டி கடைசியாக எப்போது தயாரானது, அறிவிப்பு எப்போது வந்தது, மாற்றுப் பாகம் எப்போது கிடைத்தது என்று பார்த்தால் கம்பெனியின் லட்சணம் தெரிந்துவிடும்.

மாருதியையே எடுத்துக்கொள்வோம். 2023 ஜனவரி 18 அன்று ஆல்டோ கே10, எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ, பிரெஸ்ஸா, பலேனோ, கிராண்ட் விட்டாரா ஆகியவற்றில் 17,362 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். ஏர்பேக் கன்ட்ரோலரில் கோளாறு. மோதல் நடந்தால் ஏர்பேக்கும், சீட் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் ப்ரீடென்ஷனரும் வேலை செய்யாமல் போகலாம். அந்த வண்டிகள் 2022 டிசம்பர் 8 முதல் 2023 ஜனவரி 12 வரை தயாரானவை. கடைசி வண்டிக்கும் அறிவிப்புக்கும் இடையே ஆறே நாள். "பாகத்தை மாற்றும்வரை வண்டியை எடுக்க வேண்டாம்" என்றும் வெளிப்படையாகச் சொன்னார்கள். இதைப் படித்துவிட்டு மாருதியின் தரம் போச்சு என்பவர்கள் விஷயத்தைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள்.

அதே மாருதி சறுக்கிய இடம், ஸ்மார்ட் ஹைப்ரிட் பெட்ரோல் வண்டிகளின் மோட்டார் ஜெனரேட்டர் யூனிட். ஆல்டர்னேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் பெல்ட்டோடு உட்கார்ந்து, பேட்டரியைச் சார்ஜ் செய்வதும் நின்ற எஞ்சினை மறுபடி ஓட வைப்பதும் இதன் வேலை. 2019 டிசம்பரில் சியாஸ், எர்டிகா, எக்ஸ்எல்6 வண்டிகளில் 63,493 திரும்ப அழைக்கப்பட்டன. வெளிநாட்டு சப்ளையரின் தயாரிப்புக் கோளாறாக இருக்கலாம் என்றது கம்பெனி. 2021 செப்டம்பரில் அதே பாகத்துக்காக இன்னொரு ரீகால், இம்முறை 1,81,754 வண்டிகள். அவை 2018 மே 4 முதல் 2020 அக்டோபர் 27 வரை தயாரானவை. அதாவது முதல் ரீகாலை அறிவித்த பிறகும் ஏறக்குறைய பதினோரு மாதம் சந்தேகத்துக்குரிய வண்டிகள் வெளியே வந்திருக்கின்றன. அறிவிப்பு வர மேலும் பத்து மாதம். பாகம் மாற்றுவது நவம்பர் முதல் வாரத்தில்தான் தொடங்கும், அதுவரை தண்ணீர் தேங்கிய சாலையில் ஓட்டாதீர்கள், மின் பாகங்கள்மேல் நேரடியாகத் தண்ணீர் அடிக்காதீர்கள் என்று அறிவுரை வேறு. வடகிழக்குப் பருவமழையில் சென்னைக்காரர் எந்தச் சாலையில் ஓட்டுவாராம்? அந்த நவம்பர் 7-ஆம் தேதி ஊரே முழங்காலளவு தண்ணீரில் நின்றது.

ஒரே பாகத்துக்கு இரண்டாவது ரீகால் வந்தால், முதல் தடவை வேரைத் தோண்டவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் ஃப்யூவல் பம்பில் ஹோண்டாவின் கதை இன்னும் நீளம்: 2020-ல் 65,651, 2021-ல் 77,954, 2024-ல் 92,672. கடைசிப் பட்டியலில் 2017, 2018-ல் தயாரான வண்டிகள்! ஆனால் ஒரு விஷயத்தில் ஹோண்டாவைப் பாராட்டலாம். அந்த 92,672-ல் 2,204 வண்டிகள், இந்தப் பம்பைப் பின்னாளில் ஸ்பேர் பார்ட்டாக வாங்கி மாட்டிய பழைய மாடல்கள். கவுண்டரில் போன பாகம் எந்த வண்டியில் ஏறியது என்று தேடிப் பிடிக்க, பதிவேடு ஒழுங்காக இருந்தால்தான் முடியும்.

இன்னொன்று, எதனால் பிரச்சினை என்பதையும் ஹோண்டா சொன்னது: பம்புக்குள் சுழலும் இம்பெல்லரில் கோளாறு, நாளடைவில் எஞ்சின் நின்றுபோகலாம் அல்லது ஸ்டார்ட் ஆகாமல் போகலாம் என்று. 2020 ஜூலையில் வேகன்-ஆர், பலேனோ 1,34,885 வண்டிகளுக்கு மாருதி விட்ட அறிவிப்பில் "ஃப்யூவல் பம்பில் பிரச்சினை இருக்கலாம்" என்பதோடு சரி. அமெரிக்காவில் இப்படி ஒற்றை வரியில் தப்பிக்க முடியாது. சப்ளையர் யார், முதல் புகார் எப்போது வந்தது, பாகம் ஏன் கெட்டது என்று தேதிவாரியாக அரசிடம் தாக்கல் செய்ய வேண்டும். டென்சோ என்ற ஜப்பானிய சப்ளையரின் பம்ப் மாட்டிய வண்டிகளுக்காக டொயோட்டா கொடுத்த அறிக்கையில் காரணம் தெளிவாக இருக்கிறது. பிளாஸ்டிக் இம்பெல்லரின் அடர்த்தி குறைவு. தயாரிப்பின்போது கரைப்பானில் பட்டு அதிக நேரம் உலர்ந்தவற்றின் மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்பு விழுகிறது. அதன் வழியே பெட்ரோலை உறிஞ்சி இம்பெல்லர் உப்புகிறது. உப்பியது பம்பின் உடம்பில் உரசி, கடைசியில் சிக்கி நிற்கிறது. ஓட்டுபவருக்குத் தெரிவது இவ்வளவுதான்: செக் எஞ்சின் விளக்கு, ஐடிலில் நடுக்கம், பிறகு ஓடும்போதே எஞ்சின் ஆஃப்.

இந்தப் பம்பை மாற்றும் வேலைக்கு வண்டியை விடுபவர்கள் டேங்கில் கால்வாசிக்கு மேல் பெட்ரோல் வைத்துக்கொண்டு போக வேண்டாம். பம்ப் டேங்குக்குள் இருக்கிறது. சில மாடல்களில் பின் சீட்டைத் தூக்கினால் மூடி தெரியும். சிலவற்றில் டேங்கையே இறக்கியாக வேண்டும். ஃப்யூவல் லைனின் அழுத்தத்தை வடித்துவிட்டுத்தான் பைப்பைக் கழற்ற வேண்டும், பழைய சீலை மறுபடி மாட்டக் கூடாது. சொதப்பல் பெரும்பாலும் அந்தச் சீலில்தான் நடக்கும். பாதி டேங்கில் ஒன்றும் தெரியாது. ஃபுல் டேங்க் போட்ட அன்று பின் சீட்டில் பெட்ரோல் வாடை வரும். அதனால் வண்டியை எடுத்ததும் டேங்கை நிரப்பி, முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் முள் முழுசாக ஏறுகிறதா என்றும் கவனியுங்கள். டேங்குக்குள் அளவு பார்க்கும் மிதவைக் கம்பி வளைந்திருந்தால் அங்கே காட்டிக்கொடுக்கும்.

சர்வீஸ் சென்டர் எழுதும் ஜாப் கார்டில் ரீகால் வேலை தனி வரியாக, பூஜ்யம் ரூபாயாக, புதுப் பாகத்தின் பார்ட் நம்பரோடு இருக்க வேண்டும் என்று கேளுங்கள். பார்ட் நம்பருக்கு என்ன அவ்வளவு முக்கியத்துவம் என்பவர்களுக்கு, அமெரிக்கக் கார் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸின் (ஜிஎம்) கதை. ஸ்பிரிங் இறுக்கம் போதாத இக்னிஷன் சுவிட்ச், சாவிக்கொத்தின் கனத்தில் தானே ஆஃபாகி, ஏர்பேக்கையும் செயலிழக்க வைத்தது. பாகத்தைத் திருத்தியவர்கள் பார்ட் நம்பரை மாற்றாமல் விட்டதால், பழையது எது புதியது எது என்று விசாரித்தவர்களுக்கே வருஷக்கணக்கில் புரியவில்லை. 2014-ல் 26 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தபோது காலம் கடந்திருந்தது. இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட சாவுகள் மட்டும் 124. ஜிஎம்மின் பேரைக் கெடுத்தது சுவிட்ச் என்பதைவிட, தெரிந்தும் கடத்திய அந்தப் பத்தாண்டு.

நம்மூர்க் கம்பெனி ராயல் என்ஃபீல்டு 2021 மே மாதம் 2,36,966 பைக்குகளை, ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயிலுக்காக அழைத்தது. வெளியிலிருந்து வாங்கிய குறிப்பிட்ட பேட்ச் பாகம், சொந்தப் பரிசோதனையிலேயே பிடிபட்டது. தயாரிப்புக் காலம் 2020 டிசம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை. மாற்ற வேண்டியிருப்பது பத்து சதவீதத்துக்கும் குறைவு என்றும் முன்கூட்டியே சொன்னார்கள். எண் பெரியது, கையாண்ட விதம் சுத்தம்.

இந்தியச் சட்டத்தில் இதற்கு இடம் வந்ததே சமீபத்தில்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு 2019 திருத்தத்தில் சேர்ந்தது, விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமல். அரசு கட்டாயப்படுத்தி ரீகால் செய்தால் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதம். கம்பெனி தானே முன்வந்தால் அபராதமில்லை. இது நல்ல ஏற்பாடு. விதியில் ஏழு வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியை விட்டுவிட்டதுதான் உறுத்துகிறது. ஜப்பானிய சப்ளையர் டகாட்டாவின் ஏர்பேக்கை ஊத வைக்கும் அமோனியம் நைட்ரேட், வெப்பமும் ஈரப்பதமும் வருஷக்கணக்கில் ஏறி இறங்கித்தான் கெடுகிறது. கெட்டபின் ஏர்பேக் வெடிக்கும்போது இரும்புச் சில்லைத் தெறிக்கவிடுகிறது. கடலோர வெக்கையில் நிற்கிற பழைய ஹோண்டாவும் டொயோட்டாவும் வைத்திருப்பவர்கள் சட்டத்தை நம்பாமல், கம்பெனி தளத்தில் தாங்களே தேடிப் பார்க்க வேண்டும்.

தேடுவது சுலபம். ஆர்சியில் இருக்கும் 17 இலக்கச் சேசிஸ் நம்பரைக் கம்பெனி தளத்தின் ரீகால் பக்கத்தில் போட வேண்டும். மாருதியில் எம்ஏ3 என்ற தொடக்கம் போக மிச்சம் 14 இலக்கம். வட்டமாகத் தெரிவதெல்லாம் பூஜ்யம்தான், சேசிஸ் நம்பரில் ஆங்கில 'ஓ' வராது. "உங்கள் வண்டி பட்டியலில் இல்லை" என்று வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்து, சில மாதம் கழித்து மறுபடி தேடுங்கள். மேலே பார்த்தபடி பட்டியல் நீளும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே தேடிவிடுவது நல்லது. ரீகால் சேசிஸ் நம்பரோடு ஒட்டியது, முதல் ஓனரோடு அல்ல. எத்தனை கை மாறினாலும் வேலை இலவசம்தான். ஆனால் கம்பெனியின் எஸ்எம்எஸ் பழைய ஓனரின் போனுக்கே போய்க்கொண்டிருக்கும். ஆர்சி பெயர் மாறிய வாரமே சர்வீஸ் சென்டரில் மொபைல் நம்பரையும் மாற்றச் சொல்லுங்கள், நிலுவையில் ரீகால் இருந்தால் அங்கேயே பாகத்துக்கு ஆர்டர் போடச் சொல்லுங்கள்.