ரெஸ்லிங் மனேஜ்மென்ட் கேமுக்கு "ஸ்பெஷல் மெட்ச் பேக்" வாங்கப் போறவங்க, காசு குடுக்க முதல் இதை வாசிங்க

14,500 ரூபா போய்விட்டது. மட்டக்களப்பு டவுனில் கொம்பியூட்டர் திருத்துவதோடு கேமும் போட்டுக் கொடுக்கிற ஒரு கடையில். பெயரை இப்போது போடவில்லை, முறைப்பாடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் கல்லடி, ஆரையம்பதி, செங்கலடிப் பக்கம் இந்தக் கேம் விளையாடுகிற பொடியன்மார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். இன்னொருவர் அந்தக் கடைப் படியில் ஏற முதல் இதை வாசிக்க வேண்டும்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இது பட்டனை அழுத்தி அடிபடுகிற கேம் இல்லை. ரெஸ்லிங் கம்பனியை நாமே நடத்துவது. யாரோடு யாரை மோத விடுவது, யார் வெல்லுவது, சம்பியன் பெல்ட் யாருக்கு, யாருக்கு எவ்வளவு சம்பளம், எல்லாம் நம்முடைய முடிவு. திரையில் எழுத்தும் எண்ணும்தான் இருக்கும். ஆடம் ரைலண்ட் என்பவர் எக்ஸ்ட்ரீம் வார்ஃபேர் ரிவெஞ்ச் என்ற கேமை எழுதி இலவசமாகவே எல்லாருக்கும் கொடுத்தார். அந்த வழியில் வந்த கேம்தான் நான் வாங்கப் போனதும்.

இதில் ருசியே ஸ்பெஷல் மெட்ச்தான். கூண்டுக்குள் மோதுவது, ஏணி வைத்து மோதுவது, முப்பது பேர் மோதுகிற ரம்பிள், குறித்த நேரம்வரை நடக்கிற ஐயன் மேன். இதுகளை நினைத்த நேரத்துக்குப் போட ஏலாது. இரண்டு பேருக்கு இடையில் பகையை மாதக்கணக்காக வளர்த்து, சாதாரண மெட்சில் அது தீராது என்று சனம் நினைக்கிற கட்டத்தில்தான் கூண்டை இறக்க வேண்டும். வாராவாரம் கூண்டு போட்டால் அதற்குப் பெறுமதியே இல்லை. 1997 ஒக்டோபரில் முதல் ஹெல் இன் அ செல் மெட்சை, அதாவது கூரையும் போட்ட கூண்டு மெட்சை, அண்டர்டேக்கருக்கும் ஷோன் மைக்கல்ஸுக்கும் வைத்தார்களே, அதற்கு முந்தின மாதங்களில் அந்த இரண்டு பேருக்கும் நடந்த எல்லாம் சேர்ந்துதான் அந்த மெட்ச். கேமிலும் அப்படி ஒன்றை நானே கட்டி எழுப்ப வேண்டும் என்பதுதான் என் ஆசை.

என்னிடம் டொலரில் கட்டுகிற காட் இல்லை. அதனால்தான் கடைக்குப் போனேன். பிரத்தியேக வகுப்பு எடுத்துச் சேர்த்த காசு அது.

கவுண்டரில் நின்ற தம்பி கேமின் பெயரைக் கேட்டதுமே முகம் மலர்ந்தான். "அண்ணன், நீங்களும் ரெஸ்லிங்கா?" என்று தொடங்கியவன் நிறுத்தவே இல்லை. 1998 ஜூனில் பிட்ஸ்பேர்க்கில் மேன்கைண்ட் என்ற வீரரைக் கூண்டுக்கு மேலிருந்து மேசையில் தள்ளியதைச் சொன்னான். ரெஸில்மேனியா 10 என்ற பெரிய ஷோவில் ரேசர் ராமோனும் ஷோன் மைக்கல்ஸும் செய்த ஏணி மெட்சைச் சொன்னான். முதல் டீஎல்சீ (மேசை, ஏணி, கதிரை மெட்ச்) 2000 சமர்ஸ்லாம் ஷோவில் என்றும், அதில் மூன்று சோடி என்றும் ஆட்களின் பெயரோடு சொன்னான். ஒன்றும் பிழையில்லை. நம்முடைய ஊரில் இதையெல்லாம் இப்படி ஆசையாகக் கதைக்க ஒரு ஆள் கிடைப்பது லேசில்லை. அந்த இடத்தில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. மெட்சை இவ்வளவு நேசிக்கிற ஒருவன், மெட்சை வைத்தே என்னை ஏமாற்றுவான் என்று யார் நினைப்பார்கள்?

உள்ளேயிருந்து முதலாளி வந்தார். "தம்பி, ஒரிஜினல் லைசன்ஸ், 1998 ரெஸ்லர்மார்ட விவரம் உள்ள டேட்டாபேஸ், மறுகா எங்கட பொடியன் செஞ்ச ஸ்பெஷல் மெட்ச் பேக். மூண்டும் சேத்து 14,500. வெளியில இது கிடைக்காது." அந்தத் தம்பியும், "ஒவ்வொரு மெட்சுக்கும் ரூல்ஸ் நானே போட்டிருக்கன் அண்ணன், யோசிக்காதீங்க" என்றான். காசை எண்ணிக் கொடுத்தேன். லெப்டொப்பில் போட்டுத் தந்தார்கள். ரிசீட் கேட்டதற்கு, "நம்மட ஆள்தானே தம்பி, என்னத்துக்கு ரிசீட்?" என்று முதலாளி தோளில் தட்டினார்.

வீட்டுக்கு வந்து விளையாடத் தொடங்கினேன். பகையை வளர்த்தேன். ஒருவன் துரோகம் செய்ய, மற்றவன் காயத்தோடு திரும்பி வர, பெல்ட் கைமாற, ஆறுதலாக, அவசரப்படாமல் செய்தேன். கடைசியில் பெரிய ஷோவுக்கு ஹெல் இன் அ செல் போட்டேன். முடிவைத் தெரிவு செய்கிற இடத்தில் கவுண்ட் அவுட் நிற்கிறது, அதாவது ரிங்குக்கு வெளியே போனவர் எண்ணி முடிக்க முதல் திரும்பாவிட்டால் தோல்வி! நான்கு பக்கமும் மூடி, மேலேயும் கூரை போட்டுப் பூட்டின கூண்டுக்குள் கவுண்ட் அவுட்டா? கூண்டு மெட்சுக்கான ஒரு அடையாளமும் ரிப்போர்ட்டில் இல்லை. சாதாரண ஒருவருக்கு ஒருவர் மெட்சுக்கு வந்த அதே ரேட்டிங், அதே வசனம்.

எலிமினேஷன் சேம்பரைத் திறந்தேன். 2002 சர்வைவர் சீரிஸ் ஷோவில் மெடிசன் ஸ்குவெயார் கார்டனில் முதன்முதல் நடந்தபோது ஆறு பேர். இரண்டு பேர் தொடங்க, நாலு பேர் கண்ணாடி அறைகளில் நிற்பார்கள், ஒவ்வொருவராகத் திறந்துவிடுவார்கள். இந்த பேக்கில் இரண்டு பெயருக்குத்தான் இடம். ஐயன் மேன் முதல் பின்னோடு (எதிராளியின் தோளை மூன்று எண்ணும்வரை தரையில் அழுத்துவது) முடிந்தது. குறித்த நேரம் முடியும்வரை நடந்து, யார் கூட வென்றார் என்று எண்ணுவதுதான் ஐயன் மேன். 1996 இல் பிரெட் ஹார்ட்டும் ஷோன் மைக்கல்ஸும் அறுபது நிமிடம் ஒரு பின்கூட இல்லாமல் நின்று, பிறகு மேலதிக நேரத்தில்தான் முடிந்தது. இதை அந்தத் தம்பி அறியாதவனா?

கல்முனையில் இருக்கிற என் மச்சான் வந்து, கேமில் உள்ள விவரங்களை மாற்றுகிற எடிட்டரைத் திறந்து பார்த்தான். சாதாரண மெட்சைக் கொப்பி பண்ணி, பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். ஹெல் இன் அ செல் என்று எழுதினால் கூண்டு வந்துவிடுமா? எத்தனை பேர், கவுண்ட் அவுட் உண்டா, தகுதி நீக்கம் உண்டா, ஒன்றையும் தொடவே இல்லை. அந்த 1998 டேட்டாபேஸ் வெளிநாட்டு ரசிகர்கள் தங்கள் நேரத்தைச் செலவழித்துச் செய்து இலவசமாகப் பகிர்ந்தது. அவர்களுடைய பெயரை அழித்துவிட்டுத் தங்கள் கடைப் பெயரை அடித்திருக்கிறார்கள். எனக்கு இதுதான் காசை விடக் கூடுதலாகக் கொதிக்கிறது. லைசன்ஸும் வேறு யாரோ ஒருவரின் பெயரில். எடிட்டரில் சரியான செல் மெட்சை மச்சான் ஒரு பின்னேரத்தில் எனக்குச் செய்து தந்தான், ஒரு சதமும் வாங்காமல்.

கடைக்குத் திரும்பப் போனேன். "அது கேம்ல உள்ள பிழை தம்பி, அப்டேட் வந்தாச் சரியாகும்" என்றார் முதலாளி. கவுண்ட் அவுட் விஷயத்தை விளக்கினேன். "உங்கட லெப்டொப்ல ராம் காணாது." எழுத்து மட்டும் உள்ள கேமுக்கு ராம் காணாதாம்! அடுத்த முறை, "பொடியன் லீவு, அவன் வந்தாத்தான் தெரியும்" என்றார். பொடியன் உள்ளே நிற்பது எனக்குத் தெரிந்தது. என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போய்விட்டான். வாட்ஸ்அப்பில் ஸ்கிறீன்ஷொட் எல்லாம் அனுப்பினேன். நீலக் கோடு விழுந்தது, பதில் இல்லை. கோல் எடுத்தால், "மறுகா எடுங்க, கஸ்டமர் நிக்காங்க." நானும் கஸ்டமர்தானே? 14,500 ரூபா கொடுத்த கஸ்டமர்.

கடைசியாக, கடையில் வேறு ஆட்கள் நிற்கும்போது காசைத் திருப்பிக் கேட்டேன். "கேம்தானேடா தம்பி, விளையாட்டுச் சாமானுக்கு இப்படிச் சண்டைக்கு வாறியே, படிச்ச பிள்ளைதானே நீ?" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். நின்றவர்கள் சிரித்தார்கள். விளையாட்டுச் சாமான் என்றால் 14,500 ரூபா வாங்கும்போது ஏன் அதைச் சொல்லவில்லை?

வாங்கப் போறவங்களுக்கு விவரமாக எழுதத்தான் இருந்தேன், கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். லைசன்ஸ் உங்கள் ஈமெயிலுக்கு, உங்கள் பெயரில் வர வேண்டும். காசு கொடுக்க முதல் கடையிலேயே ஒரு செல் மெட்ச் போட்டுப் பாருங்கள், கவுண்ட் அவுட் தெரிந்தால் எழும்பி வந்துவிடுங்கள். சேம்பருக்கு ஆறு பெயர் போட ஏலுமா என்று பாருங்கள். டேட்டாபேஸுக்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். ரிசீட் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977. வாட்ஸ்அப்பில் அவர்கள் விலை சொன்ன மெசேஜ் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, அதையும் சேர்த்துத்தான் கொடுக்கப் போகிறேன். இதே பேக்கை வாங்கின வேறு யாரும் இருந்தால் எனக்கு மெசேஜ் போடுங்கள், உங்கள் ஸ்கிறீன்ஷொட்டுகளையும் அழிக்காமல் வையுங்கள். ஒரு ஆளாய்ப் போனால் சிரிப்பார்கள், நாலு பேராய்ப் போவோம்.