அப்பிள் டொங்கிளா, மேசைப் பெட்டியா: வன்னியில் ஹெட்போனுக்கு டாக் எடுக்கும்போது

போனில் இருந்தோ லப்டொப்பில் இருந்தோ வரும் டிஜிட்டல் ஒலியை ஹெட்போனுக்கான அனலொக் ஒலியாக மாற்றும் கருவிதான் டாக்; சிறு வயர் அளவில் வருவதை டொங்கிள் என்பார்கள். போட்டியில் நாலு சாமான்கள். அமெரிக்காவில் 9 டொலருக்கு விற்கும் அப்பிளின் யூஎஸ்பி-சி டொங்கிள், 30 டொலர் சுற்றி வரும் பீயோ கேஏ11, 50 டொலர் அளவில் மூன்ட்ரொப் டோன் புரோ, 130 டொலருக்குச் சந்தைக்கு வந்த மேசைப் பெட்டி பீயோ கே11. கிளிநொச்சி, வவுனியாக் கடைகளில் கைக்கெட்டுவது பெரும்பாலும் முதலாவதுதான், அதுவும் போலியோடு கலந்து. மற்றவற்றைக் கொழும்பில் இருந்தோ இணையத்திலோ எடுப்பிக்க வேண்டும். பிழையானதை எடுத்துவிட்டால் திருப்பி அனுப்பும் செலவே சாமானின் விலைக்குக் கிட்ட வந்து நிற்கும் என்பதால், முதலே வடிவாகப் பார்த்து எடுப்பது நல்லது.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. சில நூறு ரூபாய்க்குத் தொங்கும் சி-வாய் அடாப்டர்கள் பலவற்றுக்குள் சிப்பே இல்லை, வெறும் வயர்தான். போன் தன் சி-வாயால் அனலொக் ஒலியை வெளியே விட்டால்தான் அது பாடும். சாம்சுங், பிக்சல் போன்றவை அப்படி விடுவதில்லை. கடையிலேயே, ஹெட்போன் ஒன்றை அதில் மாட்டிக்கொண்டு ஒரு லப்டொப்பில் செருகிப் பாருங்கள். ஒலிக் கருவிகளின் பட்டியலில் புதுப் பெயர் ஒன்று வராவிட்டால் உள்ளே டாக் இல்லை. அசல் அப்பிள் டொங்கிள் ‘யூஎஸ்பி-சி டு 3.5எம்எம் ஹெட்போன் ஜாக் அடாப்டர்’ என்ற பெயரோடு வரும்.

இனி ஒப்பீடு. சிப்பின் பெயரை மறந்துவிட்டு வோல்ட்டைப் பாருங்கள். அப்பிள் டொங்கிளில் இரண்டு வகை உண்டு. ஏ2049 என்ற அமெரிக்க வகை 1 வோல்ட் தரும், ஏ2155 என்ற ஐரோப்பிய வகை 0.5 வோல்ட்தான் தரும். இலக்கம் டொங்கிளிலேயே பொடி எழுத்தில் இருக்கும். கேஏ11 32 ஓம் மின்தடையுள்ள ஹெட்போனுக்கு 200 மில்லிவாட் தருவதாகக் கொம்பனி சொல்கிறது, கணக்குப் பார்த்தால் 2.5 வோல்ட். டோன் புரோவுக்கு 3.5 மில்லிமீற்றர் சாதாரண வாயில் 2 வோல்ட், இடது வலது காதுகளுக்குத் தனித்தனிக் கம்பிச் சோடி போகும் 4.4 மில்லிமீற்றர் பலன்ஸ்ட் வாயில் 4 வோல்ட்.

இந்த வோல்ட் காதில் என்ன செய்யும்? ஓடியோ-டெக்னிக்கா எம்50எக்ஸ் ஹெட்போன் 38 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 99 டெசிபல். 1 வோல்ட்டில் உச்சம் 113 டெசிபல், ஐரோப்பிய வகையில்கூட 107. காதுக்கு அது தாராளம், அதற்கு மேலே காசைக் கொட்டினாலும் கேட்கப்போவது ஒன்றுமில்லை. சென்கைசர் எச்டி 600 வேறு கதை. அது 300 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 97 டெசிபல், அதாவது 1 வோல்ட்டுக்கு 102 அளவில். ஐரோப்பிய டொங்கிளில் உச்சம் 96 டெசிபலோடு நின்றுவிடும். கர்நாடகக் கச்சேரி போல ஏற்ற இறக்கம் கூடிய பதிவில் சராசரிச் சத்தம் உச்சத்தைவிட 15, 20 டெசிபல் கீழே ஓடும், ஆகவே வொலியூமை முழுக்க ஏற்றியும் சிலருக்குப் போதாமல் இருக்கும். டோன் புரோவின் 4 வோல்ட்டில் அதே ஹெட்போன் 114 டெசிபல் தொடும். ஆனால் அந்த 4 வோல்ட்டுக்குப் பலன்ஸ்ட் வயர் தனியாக வேண்டும். அதன் விலையைச் சேர்க்காமல் ‘50 டொலர்தானே’ என்று கணக்குப் போடாதீர்கள். ஹைபைமான் எச்ஈ400எஸ்ஈ போன்ற 25 ஓம், 91 டெசிபல் பிளானர் வகை (தட்டையான மெல்லிய படலம் அதிர்ந்து ஒலி தரும் வகை) வோல்ட்டைவிட மின்னோட்டத்தையே கேட்கும். டொங்கிள்களில் அதற்குப் பொருத்தம் கேஏ11.

அப்பிள் டொங்கிளின் பெரிய குறை விலையிலும் இல்லை, ஒலியிலும் இல்லை. அது அன்ட்ரொயிட்டோடு சேரும் விதத்தில் இருக்கிறது. டொங்கிளுக்குள் தனியாக ஒரு வொலியூம் உண்டு. ஐபோனும் லப்டொப்பும் அதை ஏற்றி இறக்கும். பல அன்ட்ரொயிட் போன்கள் அதைத் தொடாமல் தங்கள் சொந்த வொலியூமை மட்டும் மாற்றுவதால், டொங்கிள் தொடக்கத்தில் இருந்த தாழ்ந்த அளவிலேயே நிற்கும். வெளியே வருவது முனகல். யூஎஸ்பி ஓடியோ பிளேயர் புரோ என்ற கட்டணச் செயலி நேரடியாக டொங்கிளின் வொலியூமை ஓட்டும், ஆனால் அதற்குள் ஓடும் பாட்டுக்கு மட்டும். யூடியூப்புக்கு உதவாது. டோன் புரோவில் வொலியூம் பொத்தான் டொங்கிளிலேயே இருப்பதால் இந்தத் தலையிடி இல்லை. அன்ட்ரொயிட் மட்டும் பாவிப்பவர் அப்பிளை விட்டுவிடுவதே புத்தி.

சந்தேகமென்றால் அளந்து பார்க்கலாம். பழைய ஹெட்போன் வயரொன்றை வெட்டி, பிளக்கின் நுனிக்குப் போகும் கம்பியையும் அடிப்பகுதிக்குப் போகும் பொதுக் கம்பியையும் உரித்தெடுங்கள். 100 ஹேர்ட்ஸ் சைன் அலையை (சீரான ஒற்றை ஒலியை) முழு அளவில் ஓடவிட்டு, வொலியூமை முழுக்க ஏற்றி, மல்டிமீட்டரை ஏசியில் வையுங்கள். மஞ்சள் நிற டிடி830 மீட்டர் இதற்குச் சரிவராது. அதன் ஆகக்குறைந்த ஏசி அளவு 200 வோல்ட், அரை வோல்ட்டை அது ஒழுங்காகக் காட்டாது. 2 வோல்ட் ஏசி அளவுள்ள மீட்டர் வேண்டும். லப்டொப்பில் 1 வோல்ட் காட்டும் டொங்கிள் போனில் அதன் சிறு பங்கைக் காட்டினால் டொங்கிளில் பிழையில்லை, போனில்தான்.

ஒப்போ, ரியல்மி, வன்பிளஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: பல மொடல்களில், வெளிக் கருவிகளைப் போனோடு சேர்க்கும் ஓடிஜி இணைப்பைச் செற்றிங்ஸில் ஓன் பண்ணாவிட்டால் டொங்கிள் வேலை செய்யாது, 10 நிமிடம் பாவிக்காமல் விட்டால் அது தானாகவே ஓஃப் ஆகிவிடும். ‘டொங்கிள் செத்துப்போச்சு’ என்ற முறைப்பாடுகளில் ஒரு பங்கு இதுதான்.

லப்டொப்பில் கேட்பவர்களுக்கு, கிளிநொச்சி அறிவியல் நகர் பல்கலைக்கழக விடுதிப் பிள்ளைகள் போன்றவர்களுக்கு, முதல் மூன்றும் நன்றாகவே சரிவரும். சூம் வகுப்புக்கு மைக் வேண்டுமென்றால் அப்பிள், அது மைக் உள்ள ஹெட்செட்டை ஏற்கும். விண்டோஸில் ஒலித் தரத்தை 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸில் வைத்தால் போதும். அப்பிளின் எல்லையும் அதுதான். 384, 768 கிலோஹேர்ட்ஸ் என்று பெட்டியில் அச்சடித்த இலக்கங்கள் காசு வாங்க மட்டுமே.

இப்போது கே11. பலன்ஸ்ட் வாயில் 32 ஓமுக்கு 1400 மில்லிவாட், கனமான ஹெட்போனுக்கு நல்ல பெட்டி. ஆனால் சுவரில் செருகும் 12 வோல்ட் அடாப்டர் இல்லாமல் அது ஓடாது. கரண்ட் போனால் பாட்டும் போகும். மலிவு இன்வெர்ட்டரின் வெட்டு அலையில் (சீராக வளையாமல் படிபடியாக ஏறி இறங்கும் கரண்டில்) ஓட்டினால் சில வேளை அடாப்டரூடாக இரைச்சல் ஏறும். லப்டொப் சாஜரும் பெட்டியின் அடாப்டரும் ஒரே நேரத்தில் செருகியிருக்கும்போது ‘ங்ங்ங்’ என்று கேட்டால் சாஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் பெட்டியில் குறையில்லை, கசிவு மின்னோட்டம் யூஎஸ்பி வயரூடாகச் சுற்றி வருகிறது. மூன்று ஊசிப் பிளக் போட்டும் சுவர்ச் சொக்கற்றுக்குப் பின்னால் எர்த் வயரே இழுக்காத வீடுகளில் இது கூடுதலாக வரும். டொங்கிளில் இந்தத் தொல்லை வருவது அரிது. தனி அடாப்டர் இல்லாததால் கரண்ட் சுற்றி வர இரண்டாவது வழி கிடையாது.

சோலர் பற்றரி 12 வோல்ட்தானே, கே11-ஐ நேரே கொடுக்கலாமே என்று தோன்றும். கொடுக்காதீர்கள். சாஜ் ஏறும்போது அந்தப் பற்றரி 14.4 வோல்ட் வரை போகும். இடையில் 12 வோல்ட்டை நிலையாகக் கொடுக்கும் டிசி கொன்வேட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும்.

ஆக, சி-வாய் உள்ள ஐபோன் அல்லது லப்டொப், சாதாரண ஹெட்போன் என்றால் ஏ2049. அன்ட்ரொயிட் என்றால், அல்லது 300 ஓம் வகை என்றால், டோன் புரோ. பிளானர் என்றால் கேஏ11. கே11 எடுக்க ஒரே நியாயம், ஹெட்போனின் விலை டாக்கின் விலையைத் தாண்டியிருப்பது. 3,000 ரூபாய் ஹெட்போனுக்கு 40,000 ரூபாய்ப் பெட்டி என்பது நுளம்புக்குப் பீரங்கி. அந்தக் காசில் ஹெட்போனை மாற்றினால் வித்தியாசம் முதல் பாட்டிலேயே தெரியும்.

எதை எடுத்தாலும் முதலில் போவது சிப்பில்லை. அப்பிளில் பிளக்கின் கழுத்தில் மெல்லிய வயர் உடையும், பொக்கற்றில் போனை வைத்தபடி சைக்கிள் ஓடினால் விரைவில். கழுத்தில் சுருங்கும் குழாய் ஒன்றை ஏற்றிச் சூடு காட்டிவிட்டால் நாள் கூடும். செம்மண் தூசு சி-வாய்க்குள் இறுகினால் டொங்கிள் விட்டு விட்டுப் பிடிக்கும். போனை ஓஃப் பண்ணிவிட்டு, காய்ந்த ஈர்க்கின் நுனியால் மெல்லமாகக் கிண்டி எடுங்கள், ஊசி வேண்டாம். அப்பிள் டொங்கிளை எடுப்பிக்கிறவர்கள் ஒன்றுக்கு இரண்டாக எடுப்பித்தால் அனுப்புச் செலவு ஒரு தடவையோடு போய்விடும்.