சிங்கப்பூர் – நியூயார்க்: நேராகவா, ஃபிராங்க்ஃபர்ட் வழியாகவா?

அக்கா நியூயார்க்கில் இருக்கிறார். ஒரு முறை அம்மாவோடு ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போய் வந்தேன். போன ஜனவரியில் நேர் விமானத்தில் அழைத்துப் போனேன். இரண்டும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்தான். போகும் திசைக்கு நேர் விமானமே மேல் என்பது என் முடிவு.

கட்டணம் முக்கியம் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஃபிராங்க்ஃபர்ட்தான். நேராகப் பறப்பது நெடுந்தூரத்துக்கென்றே செய்த ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர்; அதில் சாதாரண எகானமி இருக்கையே கிடையாது. பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94, அவ்வளவுதான்.

தூரத்தைப் பார்த்துத்தான் முதலில் நான் ஏமாந்தேன். நேர்க்கோட்டில் சுமார் 15,300 கி.மீ. ஃபிராங்க்ஃபர்ட் வழியாக 10,300, அப்புறம் 6,200, ஆக 16,500. 1,200 கி.மீ. கூடுதல் என்றால் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாதே என்று நினைத்தேன். ஆனால் நேர் விமானம் பத்தொன்பது மணி நேரத்துக்குள் சேர்கிறது, மற்றது ஏறக்குறைய 24 மணி நேரம். நடுவில் நிற்கும் இரண்டு மணி நேரத்தைக் கழித்தாலும் கணக்கு இடிக்கிறது.

காரணம் காற்று. பத்து கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் ஸ்ட்ரீம் குளிர்காலத்தில் ஜப்பான் பக்கம் மிகக் கடுமையாக இருக்கும். நேர் விமானம் பெரும்பாலும் பசிபிக் பக்கமாகப் போய் அந்தக் காற்றின் முதுகில் ஏறிக்கொள்கிறது. அதற்காகக் குறுகிய கோட்டை விட்டுச் சில நூறு கி.மீ. சுற்றினாலும் லாபம்தான். ஜப்பானைத் தாண்டியதும் முன்சீட்டுத் திரையில் வேகம் மணிக்கு 1,130 கி.மீ. என்று காட்டியது. சாதாரணமாக 900 சொச்சம்தான் இருக்கும். ஃபிராங்க்ஃபர்ட் வழியிலோ இரண்டு கட்டமும் மேற்கு நோக்கி; வழி நெடுக எதிர்க்காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும்.

இன்னொன்று, ஃபிராங்க்ஃபர்ட்டில் ஏறப்போவது அதே விமானம்தான் என்றாலும், கைப்பையோடு இறங்கிப் பாதுகாப்புச் சோதனையை முடித்துத்தான் திரும்ப ஏற வேண்டும். அம்மா அப்போதுதான் அயர்ந்து தூங்கியிருந்தார். எழுப்பி, ஷூ மாட்டிவிட்டு, கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனது இன்னும் மனதில் நிற்கிறது. காலை நீட்டி நடந்தது நல்லதுதான் என்று அவரே பிறகு சொன்னார், அதையும் மறைக்கவில்லை. நேர் விமானத்தில் கால் வீங்காமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நானே எழுப்பி நடக்க வைத்தேன்.

திரும்பி வரும்போது கதை வேறு. நியூயார்க்கிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வழியாகச் சிங்கப்பூர் வர, இரண்டு கட்டமும் கிழக்கு நோக்கித்தான். காற்று நம் பக்கம். அந்த முறை நிற்கும் நேரத்தையும் சேர்த்து 22 மணி நேரத்துக்குள் வந்துவிட்டோம். இந்தத் திசையில் நேர் விமானத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

நான் போனதெல்லாம் குளிர்காலத்தில். கோடையில் ஜெட் ஸ்ட்ரீம் தணிந்து வடக்கே நகர்ந்துவிடும், அப்போது நேர் விமானத்தின் லாபம் இவ்வளவு இருக்காது என்றே நினைக்கிறேன்.

அடுத்த பயணத்துக்கு ஒரே டிக்கெட்டில் போக நேர், வர ஃபிராங்க்ஃபர்ட் என்று போட்டிருக்கிறேன்.