கூரைகளை எண்ணும் ஒரு தரவுத்தொகுப்பு: ஓசூரிலும் பென்னாகரத்திலும் பயன்படுத்திப் பார்த்தபோது

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூர் 1,16,821 பேர் வாழ்ந்த நகராட்சி; 2019இல் அது மாநகராட்சியாகிவிட்டது. 2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், குடும்ப ஆய்வுக்கு மாதிரி வீடுகளைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தால் இன்னமும் அந்தப் பழைய பட்டியல்தான் கைக்கு வருகிறது. அதனால்தான் கூகுள் இலவசமாக வழங்கும் ‘ஓப்பன் பில்டிங்ஸ்’ தொகுப்பை இறக்கிப் பார்த்தேன்.

செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணினி கண்டறிந்த ஒவ்வொரு கட்டடத்துக்கும் அதன் எல்லைக்கோடு, சதுர மீட்டரில் பரப்பளவு, அது கட்டடம்தான் என்பதற்கான நம்பக மதிப்பெண் ஆகியவை இதில் உள்ளன. 2016 முதல் 2023 வரையிலான வளர்ச்சியை ஆண்டுவாரியாகக் காட்டும் தனித் தொகுப்பும் உண்டு. க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் தெரிந்தவர்களுக்கு இதைக் கையாளச் சிரமமில்லை.

சிக்கல் வீட்டு வாசலில்தான் தொடங்குகிறது. ஓசூர் பாகலூர் சாலைப் பக்கம் வரைபடத்தில் ஒரே நீள்சதுரமாகத் தெரிந்த இடத்துக்கு நேரில் போனால், ஒரே சிமெண்ட் ஷீட் கூரையின் கீழ் வரிசையாக எட்டுக் கதவுகள், எட்டு கேஸ் அடுப்புகள்; தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்கள் தங்கும் லைன் வீடு அது. தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம் பக்கத்தில் இதற்கு நேர்மாறாக, தனித்தனியே அழகாகக் குறிக்கப்பட்டிருந்த கூரைகளில் சில பூட்டிக் கிடந்தன. குடும்பம் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்கிறது என்றார் பக்கத்து வீட்டுப் பாட்டி. சராசரிக் குடும்ப அளவால் கூரைகளைப் பெருக்கினால் ஓசூரில் ஆட்கள் குறைவார்கள், பென்னாகரத்தில் கூடுவார்கள்; ஆக, பிழை இரண்டு மாவட்டங்களிலும் எதிரெதிர்த் திசையில் சாய்கிறது. இதைத் தரவின் குற்றமாகச் சொல்ல முடியாது. ஒரே சமையலறையில் உண்பவர்களைத்தான் நம் கணக்கெடுப்பு ஒரு குடும்பமாகக் கொள்கிறது. வானத்திலிருந்து பார்த்தால் சமையலறை தெரியாது. கட்டடத்தின் பயன்பாட்டைச் சொல்லும் தகவலும் இதில் இல்லாததால், தளிப் பகுதியின் ரோஜாப் பசுமைக்குடில்களையும் வீடுகளையும் பிரிப்பது நம் வேலை. ஒட்டிக் கட்டிய வீடுகளிலும் பாறைப்பாங்கான நிலத்திலும் கணிப்பு தடுமாறக்கூடும் என்பதை உருவாக்கியவர்களே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

மாதிரிப் பகுதிகளின் எல்லை பிரிக்கவும், 2011க்குப் பின் முளைத்த குடியிருப்புகளைக் கண்டுபிடிக்கவும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மக்கள்தொகையை மதிப்பிட இதை மட்டும் நம்பமாட்டேன். இப்போது நாங்கள் அச்செடுத்த வரைபடத்துடன் தெருவில் இறங்கி, ஒவ்வொரு கூரைக்கும் எதிரே அடுப்புகளின் எண்ணிக்கையைப் பென்சிலால் குறித்துக்கொண்ட பிறகே மாதிரி எடுக்கிறோம்.